தூக்குக் கயிற்றுக்குப் பதில் கடல்

கடல் கடத்தப்பட்டவர்கள் – 5

1783 டிசம்பர் 10. லண்டன், ஓல்ட் பெய்லி நீதிமன்றம். குற்றவாளிக் கூண்டில் ஒரு சிறுவன் நிற்கிறான். பெயர் ஜான் ஹட்ஸன். வயது என்ன என்று நீதிபதி கேட்கிறார். ஒன்பது நடக்கிறது என்கிறான். என்ன வேலை செய்கிறாய்? வேலை ஒன்றும் இல்லை, சில நாள் புகைபோக்கி துடைக்கப் போவேன். அப்பா, அம்மா? செத்துப்போய்விட்டார்கள். எப்போது? அது அவனுக்குத் தெரியவில்லை.

கிழக்கு ஸ்மித்ஃபீல்டில் மருந்து வியாபாரி ஒருவரின் வீட்டுக்குள் நள்ளிரவு ஒரு மணிக்குப் புகுந்து ஒரு சட்டை, ஐந்து பட்டுக் காலுறைகள், ஒரு கைத்துப்பாக்கி, இரண்டு ஏப்ரன்கள் ஆகியவற்றைத் திருடினான் என்பது வழக்கு. ஜன்னலை ஒட்டிப் புகைக்கரி படிந்த சின்னக் கால்விரல்களின் தடம் இருந்ததாக வீட்டுக்காரர் சொன்னார். ஒரு தண்ணீர்த் தொட்டியில் பையன் உடம்புக் கரியைக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக ஒரு பெண் சொன்னாள். அவன் சட்டையை அடகு வைக்க வந்தான், அப்பாவுடையது என்று சொன்னான் என்றார் அடகுக்கடைக்காரர்.

பையன் திருடினான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நீதிபதிக்கு இருந்த கவலை வேறு. இரவில் வீடு புகுந்து திருடினால் அன்றைய இங்கிலாந்தில் தூக்கு. அதே திருட்டு விடிந்த பிறகு நடந்திருந்தால் வெறும் களவு. பையன் ஒப்புக்கொண்டதை அவன் வயதைப் பார்த்துத்தான் எடைபோட வேண்டும், அவன் உள்ளே நுழைந்தது இருட்டிலா வெளிச்சத்திலா என்பதற்குச் சாட்சி இல்லை என்று அவர் ஜூரிகளுக்கு எடுத்துச் சொன்னார். இப்படி ஒரு பிள்ளையை அழிவிலிருந்து எப்படியாவது மீட்கத்தான் மனம் விரும்பும் என்றும் சொன்னார். ஜூரிகள் புரிந்துகொண்டார்கள். இரவுக் கொள்ளை அல்ல, களவு மட்டும் என்று தீர்ப்பு வந்தது.

தண்டனை: ஏழு ஆண்டு தீவாந்தரம்.

நல்ல மனம் படைத்த ஒரு நீதிபதியும் பன்னிரண்டு ஜூரிகளும் சேர்ந்து ஓர் அநாதைச் சிறுவனுக்குக் காட்ட முடிந்த கருணை அவ்வளவுதான். இந்த இதழில் நாம் பார்க்கப்போவது அந்தக் கருணையின் கதை. ஆயிரக்கணக்கான ஏழைகளை விலங்கிட்டுக் கப்பலேற்றியது சட்டத்தின் கொடுமை மட்டுமன்று. அந்தக் கொடுமையைத் தணிக்க நினைத்தவர்களின் இரக்கமும் அவர்களைத் துறைமுகத்துக்கே கொண்டுபோய் விட்டது.

பன்னிரண்டு பென்ஸ் கணக்கு

அன்றைய ஆங்கிலச் சட்டம் திருட்டைப் பொருளின் விலையால் அளந்தது. திருடிய பொருள் பன்னிரண்டு பென்ஸுக்கு, அதாவது ஒரு ஷில்லிங்குக்கு மேற்படாவிட்டால் அது சிறு களவு. மேற்பட்டால் பெருங்களவு. கடையில் யாரும் பார்க்காதபோது ஐந்து ஷில்லிங் பெறுமானமுள்ள பொருளை எடுத்தால் தூக்கு. குடியிருக்கும் வீட்டிலிருந்து நாற்பது ஷில்லிங் பெறுமானமுள்ளதை எடுத்தால் தூக்கு. லண்டனில் ஒரு கூலித் தொழிலாளி நாளெல்லாம் உழைத்தால் கைக்கு வருவது ஏறக்குறைய இரண்டு ஷில்லிங். அப்படியானால் அவருடைய இரண்டரை நாள் கூலிக்கும் ஓர் உயிருக்கும் ஒரே விலை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை இருந்தது. நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நிலமும் கடையும் கிட்டங்கியும் உடையவர்கள். தங்கள் உடைமைக்குப் புதிதாக ஓர் ஆபத்து வந்ததாகத் தோன்றியபோதெல்லாம் புதிதாக ஒரு தூக்குத் தண்டனையைச் சட்டத்தில் சேர்த்தார்கள்.

ஜூரி ஆசனத்தில் உட்கார்ந்த கடைக்காரர்களும் கைவினைஞர்களும் எதிரே நிற்கும் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. கைக்குட்டை திருடிய பெண்ணைத் தூக்குக்கு அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. எனவே விலையைக் குறைத்தார்கள். நாற்பது ஷில்லிங்குக்கு மேல் பெறும் பொருளை முப்பத்தொன்பது ஷில்லிங் என்று மதிப்பிட்டார்கள். ஐந்து ஷில்லிங் பொருளை நான்கு ஷில்லிங் பத்துப் பென்ஸ் என்றார்கள். கண்ணெதிரே இருக்கும் பொருளின் விலையை, கடவுள் பெயரால் சத்தியம் செய்துவிட்டு, குறைத்துச் சொன்னார்கள். சட்ட மேதை வில்லியம் பிளாக்ஸ்டன் இதை இரக்கத்தால் சொல்லும் பொய்ச் சத்தியம் என்ற பொருளில் தம் நூலில் குறித்திருக்கிறார்.

1786 ஆகஸ்டில் எஸ்தர் ஏப்ரஹாம்ஸ் என்ற யூத இளம்பெண்ணின் வழக்கு வந்தது. கடையில் இருபத்துநான்கு கஜம் கறுப்புப் பட்டு லேஸ் எடுத்தாள், விலை ஐம்பது ஷில்லிங். தூக்குக்குப் போதுமான தொகை. திருடியது உண்மை, ஆனால் மறைவாகத் திருடவில்லை என்று ஜூரிகள் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லால் கழுத்து தப்பியது. தண்டனை ஏழு ஆண்டு தீவாந்தரம். நியூகேட் சிறையில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் ஒன்றாகக் கப்பலேறினார்கள்.

எழுபது வயது எலிசபெத் பெக்ஃபோர்ட் எடுத்தது பன்னிரண்டு பவுண்டு எடையுள்ள குளோஸ்டர் பாலாடைக்கட்டி. அவளுக்கும் ஏழு ஆண்டு. அவள் கரையைப் பார்க்கவே இல்லை, வழியிலேயே கப்பலில் இறந்துபோனாள்.

சட்டத்தை மாற்றும் அதிகாரம் ஜூரிகளிடம் இல்லை. தூக்கைத் தவிர்க்கும் வழி ஒன்றே ஒன்று இருந்தது. அந்த வழி நேரே கப்பல் துறைக்குப் போயிற்று.

மறுத்துவிட்ட கரை

1718-இல் வந்த சட்டம் தீவாந்தரத் தண்டனையை முறைப்படுத்தியதையும், ஏழு ஆண்டு, பதினான்கு ஆண்டு என்று விதிக்கப்பட்டு ஏறக்குறைய 50,000 பேர் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டதையும் சென்ற இதழில் பார்த்தோம். மேரிலாந்து, வர்ஜீனியா தோட்டக்காரர்கள் அவர்களை விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். 1775-இல் அமெரிக்கப் போர் மூண்டதும் அந்தக் கரை மூடிக்கொண்டது.

கப்பல்கள் நின்றன, தீர்ப்புகள் நிற்கவில்லை. நீதிபதிகள் வழக்கம்போல் தீவாந்தரம் விதித்துக்கொண்டே இருந்தார்கள். சிறைகள் நிரம்பி வழிந்தன. 1776-இல் தற்காலிக ஏற்பாடாக ஒரு சட்டம் வந்தது. ஓடாத பழைய கப்பல்களைத் தேம்ஸ் ஆற்றில் வூலிச் அருகே நிறுத்தி அவற்றில் கைதிகளை அடைத்தார்கள். முதலாவது சிறைக் கப்பலின் பெயர் 'ஜஸ்டிஷியா', லத்தீனில் நீதி. பகலில் விலங்குடன் ஆற்று மணல் வாரும் வேலை. இரவில் காற்றில்லாத அடித்தளம். சிறைக்காய்ச்சல் பரவி, முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கே அடைக்கப்பட்டவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மாண்டார்கள். தற்காலிகம் என்று சொல்லப்பட்ட இந்த ஏற்பாடு எண்பது ஆண்டுகள் நீடித்தது.

சிறுவன் ஹட்ஸன் இந்த இடைக்காலத்தில்தான் அகப்பட்டுக்கொண்டான். 1784-இல் 'மெர்குரி' என்ற கப்பலில் அவனை அமெரிக்காவுக்கு ஏற்றினார்கள். கடலில் கைதிகள் கிளர்ந்தெழுந்து கப்பலைக் கைப்பற்றி, இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பலர் மீண்டும் பிடிபட்டார்கள். பையனை பிளிமத் துறையில் நின்ற 'டன்கர்க்' சிறைக் கப்பலில் போட்டார்கள். பத்து வயது முதல் பதின்மூன்று வரை, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், வளர்ந்த குற்றவாளிகளுடன் அவன் அங்கேயே கிடந்தான்.

இதற்கிடையே கைதிகளைக் குடியேற்ற ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் ஓர் இடம் பார்க்க 'நாட்டிலஸ்' என்ற கப்பல் போயிற்று. வறண்ட மண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. கடைசியில், கேப்டன் குக்குடன் 1770-இல் பயணம் செய்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் முன்பே சொல்லியிருந்த, ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவை அரசு தேர்ந்தது. 1786 ஆகஸ்டில் உள்துறை அமைச்சர் சிட்னி பிரபு முடிவை அறிவித்தார். குக்கின் கப்பல் ஒரு வாரம் தங்கிப் போன கரை அது. அதற்குப் பிறகு ஐரோப்பியர் யாரும் அங்கே கால் வைக்கவில்லை. அந்த மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்து வந்ததை லண்டன் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

பதினோரு கப்பல்கள்

1787 மே 13 அதிகாலை போர்ட்ஸ்மத் துறையிலிருந்து பதினோரு கப்பல்கள் பாய் விரித்தன. தலைமை கேப்டன் ஆர்தர் பிலிப். கைதிகள் 750-க்கும் மேல், அவர்களில் பெண்கள் ஏறக்குறைய 190 பேர். டெனரீஃப், ரியோ டி ஜெனீரோ, கேப் டவுன் வழியாக எட்டு மாதப் பயணம். புறப்படும் முன்பே பிலிப் மேலிடத்தோடு மல்லுக்கு நின்று கைதிகளுக்குப் புதிய இறைச்சியும் காய்கறியும் வாங்கினார். நடுக்கடல் போனதும் பெரும்பாலோரின் விலங்கைக் கழற்றச் சொன்னார். அந்தக் காலத்து நெடும்பயணத்தில் ஐம்பதுக்கும் குறைவான சாவோடு கரை சேர்ந்தது அவருடைய அக்கறையால்தான்.

1788 ஜனவரியில் பாட்டனி விரிகுடாவை அடைந்தார்கள். நல்ல தண்ணீர் போதவில்லை, நங்கூரமிடவும் வசதியில்லை. வடக்கே சில மைல் தள்ளி, ஜனவரி 26 அன்று சிட்னி கோவ் என்று பெயரிட்ட சிறு துறையில் இறங்கினார்கள். அது கடிகல் மக்களின் கரை. அடுத்த ஆண்டே, 1789-இல், அங்கே பெரியம்மை பரவியது. அந்த நோயையே அறியாத பழங்குடியினர் குடும்பம் குடும்பமாக மடிந்தார்கள். அவர்கள் மொழியையும் வழக்கத்தையும் அறிவதற்காக பிலிப் பிடித்து வைத்திருந்த அரபனூவும் அந்த அம்மையில் இறந்தார். சுற்றுப்புறத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள் என்பது பிலிப்பின் கணிப்பு. ஒரு நாட்டின் ஏழைகளைத் தண்டிக்க இன்னொரு மக்கள் தங்கள் மண்ணையும் உயிரையும் கொடுத்தார்கள். தீவாந்தரத்தின் கணக்கை எழுதும் யாரும் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு எழுதக்கூடாது.

பசி கப்பலோடு கூடவே வந்து இறங்கியது. விதை முளைக்கவில்லை, மாடுகள் காட்டுக்குள் போய்விட்டன. இறங்கி ஐந்து வாரம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 27 அன்று கிடங்கு உணவைத் திருடியதற்காக தாமஸ் பாரெட் தூக்கிலிடப்பட்டான். அடுத்த ஆண்டு மார்ச்சில் காவலுக்கு வந்த கடற்படை வீரர்கள் ஆறு பேரையே அதே கிடங்கில் திருடியதற்காகத் தூக்கில் போட்டார்கள். காவலனோ கைதியோ, வயிறு காய்ந்தால் கை நீளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஹட்ஸனும் இந்தக் கப்பல்களில்தான் வந்தான், 'ஃப்ரெண்ட்ஷிப்' என்ற கப்பலில். இந்த முதல் கப்பல் அணியில் வந்த ஆண் கைதிகளில் அவனே இளையவன். பிறகு நார்ஃபோக் தீவுக்கு அனுப்பினார்கள். 1791-இல், இரவு ஒன்பது மணிக்குமேல் குடிசைக்கு வெளியே இருந்தான் என்பதற்காக அவன் முதுகில் ஐம்பது கசையடி விழுந்தது. அவனை மீட்க ஆசைப்பட்ட நீதிபதியின் கருணை போய்ச் சேர்ந்த இடம் அது.

தலைக்கு இத்தனை பவுண்டு

முதல் அணியில் கைதிகள் பிழைத்தது ஒரு மனிதரின் மனசாட்சியால். அந்த மனசாட்சி இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதை 1790-இல் வந்த இரண்டாம் அணி காட்டியது.

இம்முறை பயணத்தை அடிமை வியாபாரத்தில் பழகிய கேம்டன், கால்வர்ட் அண்ட் கிங் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டார்கள். இங்கிலாந்தில் கப்பலேறும் ஒவ்வொரு கைதிக்கும் 17 பவுண்டு 7 ஷில்லிங் 6 பென்ஸ். ஏறினால் போதும், உயிரோடு இறங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இல்லை. செத்தவன் சாப்பிட மாட்டான், மிச்சமாகும் ரொட்டியும் இறைச்சியும் கப்பல்காரனுக்கு லாபம். அடிமைகளுக்குப் பூட்டும் குறுகிய இரும்புக் கட்டையோடு கைதிகளைத் தண்ணீர் கசியும் அடித்தளத்தில் கிடத்தினார்கள். 'நெப்டியூன்', 'சர்ப்ரைஸ்', 'ஸ்கார்பரோ' என்ற மூன்று கப்பல்களில் ஏறிய சுமார் ஆயிரம் பேரில் 250-க்கும் மேற்பட்டவர்கள் கடலிலேயே மாண்டார்கள். சிட்னியில் எஞ்சியவர்களைக் கயிறு கட்டி இறக்க வேண்டியிருந்தது. பலர் வெளிக்காற்று பட்டதும் படகிலேயே உயிரை விட்டார்கள். குடியேற்றத்தின் பாதிரியார் ரிச்சர்ட் ஜான்சன் கப்பலின் அடித்தளத்தில் இறங்கிப் பார்த்து, மனம் பதறி ஊருக்கு எழுதினார்.

நெப்டியூனின் கேப்டன் டொனால்ட் டிரெயில்மீது பிறகு லண்டனில் கொலை வழக்கு நடந்தது. அதே ஓல்ட் பெய்லி அவரை விடுதலை செய்தது. பாலாடைக்கட்டிக்கு ஏழு ஆண்டு விதித்த மன்றம் அது.

இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் அரசு பணம் கொடுக்கும் முறையை மாற்றத் தொடங்கியது. கூலியில் ஒரு பகுதியை உயிரோடு இறங்கும் தலைக்கு என்று வைத்தார்கள். பின்னாளில் கப்பலுக்கு ஒரு மருத்துவரையும் பொறுப்பாக்கினார்கள். கடல் அதேதான், கப்பலும் அதேதான், சாவு மட்டும் வெகுவாகக் குறைந்தது. கைதிகள் செத்தது விதியால் அல்ல, ஒப்பந்தத்தில் எழுதிய ஒரு வரியால்.

ஒரு மூட்டைத் துணி வழக்கு

நார்விச் சிறையில் சூசன்னா ஹோம்ஸ், ஹென்றி கேபிள் என்று இரண்டு கைதிகள். அவள் ஒரு வீட்டில் துணிமணிகளும் வெள்ளிச் சாமான்களும் திருடியவள். அவன் வீடு புகுந்து திருடியதாகத் தந்தையோடும் இன்னொருவரோடும் பிடிபட்டவன். தந்தையையும் மற்றவரையும் தூக்கில் போட்டார்கள். இவர்கள் இருவருடைய தூக்கும் பதினான்கு ஆண்டு தீவாந்தரமாகக் குறைக்கப்பட்டது. சிறையில் காதல் மலர்ந்து ஆண் குழந்தை பிறந்தது. கல்யாணம் செய்துகொள்ள ஹென்றி அனுமதி கேட்டான், கிடைக்கவில்லை.

1786-இன் இறுதியில் சூசன்னாவைக் குழந்தையோடு பிளிமத்துக்கு அனுப்பினார்கள். சிறைக் கப்பலின் தலைவர் தாயை ஏற்றிக்கொண்டார், சேயை ஏற்க மறுத்தார். எழுத்தில் குழந்தைக்கு உத்தரவு இல்லை. கூட வந்த சிறைக் காவலர் ஜான் சிம்ப்சன் அழுகின்ற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியேறி லண்டன் போனார். சிட்னி பிரபுவின் வீட்டுக்கே சென்று, அவர் மாடிப்படி இறங்கும்போது மறித்து நின்று விஷயத்தைச் சொன்னார். குழந்தை தாயிடம் சேர வேண்டும், தந்தையும் அவர்களோடு போக வேண்டும் என்று உத்தரவு வாங்கினார். சட்டப் புத்தகம் முழுவதும் தேடினாலும் கிடைக்காத நியாயம் ஒரு சிறைக் காவலரின் நெஞ்சில் இருந்தது.

செய்தி பத்திரிகைகளில் வந்தது. இரக்கப்பட்டவர்கள் இருபது பவுண்டு திரட்டித் துணிமணியும் சாமான்களும் வாங்கி, 'அலெக்சாண்டர்' கப்பலில் அனுப்பினார்கள். 1788 பிப்ரவரி 10 அன்று சிட்னியில் ஹென்றிக்கும் சூசன்னாவுக்கும் திருமணம் நடந்தது. மூட்டை மட்டும் வரவில்லை. சில புத்தகங்கள் கைக்குக் கிடைத்தன, மற்றவை கப்பலில் மறைந்துவிட்டன.

கேபிள் தம்பதி கேப்டன் டங்கன் சின்க்ளேர்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். இங்கிலாந்தில் இது நடந்திருக்கவே முடியாது. மரண தண்டனை விதிக்கப்பட்டவர் சட்டத்தின் கண்ணில் இறந்தவர். அவருக்குச் சொத்தும் இல்லை, வழக்காடும் உரிமையும் இல்லை. ஆனால் சிட்னியில் நீதிபதி டேவிட் காலின்ஸ் வழக்கை எடுத்துக்கொண்டார். வழக்குப் பத்திரத்தில் அவர்களைக் கைதிகள் என்று குறிக்கவில்லை. 1788 ஜூலையில் கேப்டன் பதினைந்து பவுண்டு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. ஆஸ்திரேலிய மண்ணில் நடந்த முதல் உரிமையியல் வழக்கு இதுதான். திருட்டுக்காகக் கடல் கடத்தப்பட்ட இருவர், தங்கள் பொருள் தொலைந்ததற்காக ஒரு கப்பல் தலைவரை நீதிமன்றத்தில் நிறுத்தி வென்றார்கள்.

ஹென்றி கேபிள் பின்னாளில் சிட்னியின் தலைமைக் காவலரானான், கப்பல்களில் பங்கு வைத்த வணிகனானான். லேஸ் திருடிய எஸ்தர், முதல் அணியில் வந்த அதிகாரி ஜார்ஜ் ஜான்ஸ்டனின் துணைவியானாள். 1808-இல் ஆளுநர் பிளையைக் கவிழ்த்துவிட்டு ஜான்ஸ்டன் சில மாதம் ஆட்சி செய்தபோது, அந்தக் குடியேற்றத்தின் முதல் வீட்டுக்கு அவளே எஜமானி. எல்லோருக்கும் இப்படி விடியவில்லை. பெரும்பாலோர் பண்ணைகளில் ஏவலுக்குக் கொடுக்கப்பட்டு, கசைக்கும் பசிக்கும் இடையே தண்டனையைக் கழித்தார்கள். தண்டனை முடிந்தாலும் ஊர் திரும்பக் கப்பல் கட்டணம் இல்லாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஆனாலும் ஒன்று நிரூபணமானது. பிறவிக் குற்றவாளிகள் என்று லண்டன் கழித்துக்கட்டியவர்கள், உழுவதற்கு நிலமும் வழக்காட மன்றமும் கிடைத்த இடத்தில் எல்லோரையும் போல் வீடு கட்டினார்கள், பிள்ளை வளர்த்தார்கள். குறை அவர்கள் இரத்தத்தில் இல்லை. அவர்களை வெறுங்கையோடு தெருவில் நிறுத்திய நாட்டில் இருந்தது.

இங்கிலாந்து இதைப் புரிந்துகொள்ள வெகுகாலம் பிடித்தது. நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் ரோமிலி 1808-இல் ஜேப்படிக்கு இருந்த தூக்கை நீக்க வைத்தார். கடையில் ஐந்து ஷில்லிங் திருட்டுக்கு இருந்த தூக்கை நீக்க 1810-இல் அவர் கொண்டுவந்த மசோதா கீழவையில் நிறைவேறி, பிரபுக்கள் சபையில் தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் ஏழு பேர் பிஷப்புகள். தூக்குகள் ஒவ்வொன்றாகக் குறைந்த பிறகும் கப்பல்கள் நிற்கவில்லை, முன்னைவிட அதிகமாயின. 1868 ஜனவரியில் 'ஹூகுமாண்ட்' மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டிலில் கடைசிக் கைதிகளை இறக்கும்வரை எண்பது ஆண்டுகளில் சுமார் 1,62,000 பேர் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். பெரும்பாலோர் திருட்டுக்காக.

தூக்கைவிட மேல் என்பதால் ஒரு தண்டனை நியாயமாகிவிடாது. தூக்கையே அளவுகோலாக வைத்ததால்தான், ஒன்பது வயதுப் பிள்ளையைக் கடல் கடத்துவது கருணையாகத் தெரிந்தது. அந்த மன்றத்தில் யாரும் அளவுகோலைக் கேள்வி கேட்கவில்லை. ரோமிலி கேட்டார், அதனால்தான் அவர் பெயரை நன்றியோடு சொல்கிறோம்.

அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் அடங்கிக் கிடக்கவில்லை. பட்டுத் தொப்பி பறித்த வழக்கில் எக்ஸிட்டர் நகரில் தண்டிக்கப்பட்ட மீனவர் மகள் ஒருத்தி, 1791 மார்ச்சில் ஓர் இரவு, கணவனோடும் இரண்டு குழந்தைகளோடும் ஏழு கைதிகளோடும் ஆளுநரின் படகிலேயே ஏறிச் சிட்னியை விட்டுப் புறப்பட்டாள். மேற்கூரை இல்லாத படகு, அறுபத்தொன்பது நாள், ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர். மேரி பிரயன்ட்டின் அந்தப் பயணம் அடுத்த இதழில்.

(தொடரும்)